நல்ல மனம் மட்டும் போதுமா?
சமூகப் பணியில் பட்டப்பின் படிப்பு: மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு விளக்கம்

“உலர் உணவுப் பொதி குடுக்கிறதுக்கு இங்கிலாந்தில எம்.ஏ. படிக்கணுமா மகள்?” என்று என் சாச்சி கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். எங்கள் ஊரில் சமூக சேவை என்றால் நோன்பு காலத்தில் பொதி பகிர்வது, வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடு கொண்டுபோவது, வசதியற்ற குடும்பத்தின் குமர்க் காரியத்துக்குக் காசு சேர்ப்பது. இவற்றையெல்லாம் பாடசாலைப் பக்கம் போகாதவர்களும் அழகாகச் செய்கிறார்கள். அப்படியிருக்க, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்ற பெண் இன்னும் இரண்டு வருடம் எதைப் படிக்கிறாள்?

நான் இக்கல்லூரியில் உயர்தரம் கலைப் பிரிவில் கற்றவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றேன். திருமணத்தின் பின் இங்கிலாந்தில் குடியேறி, அங்கே சமூகப் பணியில் முதுமாணிப் பட்டம் பெற்று, இன்று ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் முதியோர் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். சாச்சியின் கேள்வி பல பெற்றோரின் மனத்திலும் இருக்கக்கூடும் என்பதால் அதற்கான பதிலை இங்கே விரிவாகத் தருகிறேன்.

சேவையும் பணியும்

2004 டிசம்பர் 26 இன் பின் எமது கிழக்குக் கரையில் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாயின. உணவும் உடுப்பும் வந்து குவிந்தன. அந்த உதவி இல்லாவிட்டால் பலர் பட்டினி கிடந்திருப்பர். ஆனால் சில மாதங்கள் கழிந்ததும் வேறு தேவைகள் தலைதூக்கின. பெற்றோரை இழந்த பிள்ளையை எந்த உறவினர் பொறுப்பில் விடுவது? அந்த வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா? கணவனை இழந்தவளின் காணிப் பத்திரம் எங்கே? பேச்சையே நிறுத்திவிட்ட உம்மாவிடம் யார் போய் உட்காருவது? இக்கேள்விகளுக்கு அரிசி மூட்டை பதிலாகாது. மனிதர்களையும், சட்டத்தையும், அரச அலுவலகங்களின் வழிமுறையையும் ஒருங்கே அறிந்த ஒருவர் தேவை. அவரையே தொழில்வாண்மைச் சமூகப் பணியாளர் என்கிறோம்.

இந்த வேறுபாட்டை உலகம் உணரத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. 1898 இல் நியூயோர்க் நகரில், ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும் பணியாளர்களுக்காக ஆறு வாரக் கோடைகாலப் பயிற்சியொன்று நடத்தப்பட்டது. அதுவே பின்னர் சமூகப் பணிக் கல்லூரியாக வளர்ந்தது. 1917 இல் மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார், ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரித்து அறிவது என்பதை முறைப்படுத்தி நூலாக வெளியிட்டார். 1936 இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் ஆதரவில் சமூகப் பணிக்கான பட்டப்பின் கல்லூரி தொடங்கப்பட்டது. எமது நாட்டிலும் 1952 இல் இதற்கென ஒரு நிறுவகம் உருவாயிற்று. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

பெயருக்கே ஒரு சட்டம்

வைத்தியப் பட்டம் பெறாதவர் தம்மை வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கிலாந்தில் “சமூகப் பணியாளர்” என்ற பெயருக்கும் 2005 ஏப்ரல் முதல் அதே காவல் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்து, அரசு நியமித்த ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிந்தவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். 2019 டிசம்பர் முதல் அந்தப் பொறுப்பை “சோஷல் வேர்க் இங்லண்ட்” என்னும் அமைப்பு வகிக்கிறது.

ஒரு பெயருக்கு ஏன் இத்தனை காவல்? அப்பெயருடன் அதிகாரமும் வருகிறது என்பதே காரணம். ஒரு பிள்ளை தன் பெற்றோருடன் இருக்கலாமா என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்போது சமூகப் பணியாளரின் அறிக்கை முன்வைக்கப்படுகிறது. அந்த அறிக்கை பிழைத்தால் ஒரு குடும்பமே சிதறலாம். எழுத வேண்டிய நேரத்தில் எழுதாமல் விட்டால் ஒரு பிள்ளை உயிரிழக்கலாம்.

அப்படி இழக்கப்பட்ட ஓர் உயிரின் கதையைப் பயிற்சிக் காலத்தில் படித்தேன். விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்த சிறுமி. ஐரோப்பாவில் நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண் ஒருவருடன் அனுப்பிவைத்தனர். இலண்டனில் அந்தப் பெண்ணும் அவருடன் வாழ்ந்தவரும் செய்த சித்திரவதையால் 2000 பெப்ரவரியில், 8 வயதில், விக்டோரியா இறந்தாள். சமூக சேவைப் பிரிவுகள், பொலிஸ், வைத்தியசாலைகள் எனப் பல இடங்களுக்கு அவளைத் தெரிந்திருந்தது. லோர்ட் லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003 இல் வெளியாயிற்று. அதில் ஒரு விடயம் என் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அந்தப் பெரியவர்களின் முன் சிறுமி விறைத்து நிற்பாள் என்பது கவனிக்கப்பட்டிருந்தது. அதை அச்சத்தின் அடையாளமாகக் காணாமல், மூத்தோருக்குப் பணிவு காட்டும் அவர்களது கலாசாரம் என எடுத்துக்கொள்ள இடமிருந்தது.

நாமும் மூத்தோருக்கு மரியாதை கற்பிக்கும் சமூகம். மரியாதைக்கும் அச்சத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டறியப் பயின்ற கண் வேண்டும் என்பதை இச்சம்பவம் எமக்குச் சொல்கிறது. “அவர்கள் பழக்கம் அப்படி” என்று ஒதுங்கிக்கொள்வது பண்பு போலத் தோன்றலாம். சில வேளைகளில் அது ஒரு பிள்ளையைக் கைவிடுவதாக முடியும்.

யார் சேரலாம்?

சமூகப் பணி முதுமாணிக் கற்கை இங்கிலாந்தில் பொதுவாக இரண்டு வருட முழுநேரப் படிப்பு. முதற்பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். என் வகுப்பில் வரலாறு படித்தவரும் இருந்தார், கணக்கியல் படித்தவரும் இருந்தார். சிறுவர் நலப் பிரிவுக்கென 14 மாதங்களில் முடியும் “ஸ்டெப் அப்” என்ற துரிதப் பயிற்சியும் உண்டு.

பட்டத்துடன் வேறு சிலவும் கேட்கப்படும். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களிடம் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் பெரும்பாலும் 7 புள்ளி எதிர்பார்க்கப்படுகிறது. குற்றப் பதிவுகள் பற்றிய பரிசோதனை நடக்கும். மனிதர்களைப் பராமரித்த அனுபவம் வேண்டும். முதியோர் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை, அகதிகளுக்கு உதவும் நிலையம் என எதுவாகவும் இருக்கலாம். நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்தையும் நேர்முகத்தில் எடுத்துச் சொல்லலாம். எமது பெண்கள் பலர் “நான் சும்மா வீட்டில் இருந்தேன்” என்று கூறும் ஆண்டுகளில் இத்தகைய அனுபவம் நிறைந்து கிடக்கிறது.

நேர்முகப் பரீட்சையில் விரிவுரையாளர்களுடன், முன்பு சமூகப் பணியாளரின் உதவியைப் பெற்ற ஒருவரும் அமர்ந்து கேள்வி கேட்பார். யாருக்காக இந்தப் பணியோ அவருக்கே ஆளைத் தெரிவுசெய்வதில் பங்கு உண்டு. நான் கண்ட வேறெந்தத் தெரிவு முறையிலும் இத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை.

வகுப்பில் கற்பவை

முதலாவது சட்டம். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 1983 ஆம் ஆண்டின் உளநலச் சட்டம், 2005 ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டம் ஆகியவற்றை அவ்வப்போது புரட்டிப் பார்த்தால் போதாது. எந்தப் பிரிவு எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பது நினைவில் நிற்க வேண்டும்.

இரண்டாவது மனித வளர்ச்சி. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்புப் பற்றி ஜோன் போல்பி கூறியவை, குடும்பம், பாடசாலை, அயல், அரசு என்ற வட்டங்களுக்குள் பிள்ளை வளர்வதை விளக்கிய பிரொன்பென்பிரெனரின் கொள்கை முதலியன இதில் அடங்கும்.

மூன்றாவது தொழில் அறம். பெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவானவர் 1957 இல் வகுத்த ஏழு கோட்பாடுகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. மாணவிகள் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1. எதிரே இருப்பவரைத் தனி மனிதராகப் பார்த்தல்.
2. அவர் தம் உணர்வை வெளியிட இடமளித்தல்.
3. பணியாளர் தம் உணர்வைக் கட்டுப்பாட்டுடன் ஈடுபடுத்தல்.
4. அவரை உள்ளவாறே ஏற்றல்.
5. அவர்மீது தீர்ப்பு வழங்காதிருத்தல்.
6. தம் முடிவைத் தாமே எடுக்கும் அவரது உரிமையை மதித்தல்.
7. இரகசியம் பேணல்.

வாசிக்கும்போது இவை எளிதாகத் தெரியும். ஆனால், பிள்ளைக்கு அடித்த தகப்பனின் வீட்டில் அவருக்கு முன்னாலேயே அமர்ந்து ஐந்தாவதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஓர் ஊரில் ஏழாவதைக் கடைப்பிடிப்பதும் அப்படித்தான்.

200 நாள் களப்பயிற்சி

இப்படிப்பின் இதயம் களப்பயிற்சியே. மாணவர் குறைந்தது 200 நாட்கள் நடைமுறைக் கற்றலில் செலவிட வேண்டும். அவற்றுள் 30 நாட்கள் வரை திறன் பயிற்சி வகுப்புகளாக இருக்கலாம். மீதி நாட்கள் நேரடிக் களம். ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு இடங்களிலாவது பயிற்சி பெற வேண்டும். ஓர் இடமாவது சட்டப்படியான கடமைகளை நிறைவேற்றும் அலுவலகமாக இருக்க வேண்டும். வழக்கமாக முதற் பயிற்சி 70 நாள், இரண்டாவது 100 நாள். களத்துக்குச் செல்லத் தகுதியுண்டா என்பதை முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு களப் பயிற்றுநர் இருப்பார். நாம் ஒருவருடன் உரையாடுவதை அவர் அருகில் இருந்து அவதானித்து எழுதுவார். வீட்டுக்குரியவரின் சம்மதம் பெற்ற பின்பே இது நடக்கும். என்னைப் பற்றிய முதல் அவதானிப்பில் என் பேச்சைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. கேள்வியைக் கேட்டபின் நான் காத்திருந்ததையும், வந்த மௌனத்தை இன்னொரு கேள்வியால் நிரப்பாமல் விட்டதையும் குறிப்பிட்டு, அதன் பின்பே அந்த மனிதர் வாய்திறந்தார் என்று எழுதியிருந்தார். காத்திருப்பதும் ஒரு திறமை என்பதை அன்று கண்டுகொண்டேன்.

வாரந்தோறும் மேற்பார்வைச் சந்திப்பு உண்டு. என்ன செய்தாய் என்ற கேள்வியுடன், செய்யும்போது உனக்குள் என்ன நடந்தது என்றும் கேட்பார்கள். கோபம் வந்ததா? பரிதாபம் மேலோங்கியதா? அவரைப் பார்க்கும்போது உன் வீட்டில் உள்ள யாராவது நினைவுக்கு வந்தார்களா? இவற்றை எழுதியும் வைக்க வேண்டும். நம் மனத்தை நாம் அறியாவிட்டால், அடுத்தவர் வீட்டில் நம் சொந்தக் கதையையே படித்துக்கொண்டிருப்போம்.

ஒரு பயிற்சி வழக்கு

உண்மையான ஒருவரின் கதையை நான் இங்கே எழுத முடியாது. இரகசியம் பேணும் கடமை ஊர் மாறினாலும் மாறாது. ஆகவே வகுப்புகளில் கையாளப்படும் கற்பனை வழக்குகளைப் போன்ற ஒன்றைத் தருகிறேன். வாசித்துவிட்டு, மேலே செல்லுமுன் உங்கள் முடிவைக் கொப்பியில் எழுதுங்கள்.

82 வயது மூதாட்டி ஒருவர் மாடி வீடொன்றில் தனியே வாழ்கிறார். குஜராத்தி மட்டுமே பேசுவார். இவ்வருடம் படியில் இரு தடவை விழுந்துவிட்டார். ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்தார். வேறு நகரில் வாழும் மகன், “அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேருங்கள், எனக்கு இரவில் தூக்கமில்லை” என்கிறார். மூதாட்டியோ, “என் உயிர் இந்த வீட்டிலேயே போகட்டும்” என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பயின்ற பணியாளரின் முதற் கேள்வி, யாருடைய குரலில் இதைக் கேட்டேன் என்பதே. மகன் மொழிபெயர்த்தால் மகனின் கவலையும் அதில் கலந்துவிடும். ஆகவே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து, மூதாட்டியைத் தனியே சந்திக்க வேண்டும்.

அடுத்தது உளத்தகைமைச் சட்டத்தின் ஐந்து விதிகள். ஒருவருக்கு முடிவெடுக்கும் தகைமை உண்டு என்றே தொடங்க வேண்டும். முடிவெடுக்க இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும். முடிவு புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை என்பதற்காகத் தகைமை இல்லை என்று கூறக்கூடாது. தகைமை இல்லை என்று நிறுவப்பட்டால், அவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நன்மைக்கானதாக இருக்க வேண்டும். அம்முடிவு அவரது சுதந்திரத்தை இயன்றளவு குறைவாகவே கட்டுப்படுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தகைமையை எப்படி அறிவது? தகவலை விளங்கிக்கொள்கிறாரா, மனத்தில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமைகளை எடைபோடுகிறாரா, முடிவைத் தெரிவிக்கிறாரா என நான்கைப் பார்க்க வேண்டும். “விழுந்தால் கால் முறியும், தெரியும். ஆனால் என் கணவர் நட்ட மரம் இந்த முற்றத்தில்தான் இருக்கிறது” என்று மூதாட்டி கூறினால், அவர் எடைபோட்டுவிட்டார். அவரது தராசில் மரம் கனமாக இருக்கிறது. அதை மாற்றுவதற்கு எமக்கு உரிமையில்லை.

அதற்காக அவரைத் தனியே விட்டுவிடுவதும் இல்லை. படியில் கைபிடி பூட்டலாம். படுக்கையைக் கீழ்மாடிக்கு இறக்கலாம். விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் அணியும் அழைப்புப் பொத்தான் கொடுக்கலாம். காலையும் மாலையும் ஒரு பராமரிப்பாளர் வந்துபோக ஒழுங்கு செய்யலாம். மகனும் தம் தாயைப் பராமரிப்பவரே. அவருக்கு என்ன ஆதரவு தேவை என மதிப்பிடும்படி கோரும் உரிமையைப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தருகிறது. அவருடைய தூக்கமின்மையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியதே.

இந்த வழக்கையும் விக்டோரியாவின் கதையையும் அருகருகே வையுங்கள். அங்கே உள்ளே நுழைய வேண்டியவர்கள் விலகி நின்றார்கள். இங்கே விலகி நிற்க வேண்டிய இடத்தில், அன்பின் பெயரால் உள்ளே நுழைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. எப்போது நுழைவது, எப்போது விலகி நிற்பது என்று அறிவதற்கே இரண்டு வருடப் படிப்பு. நல்ல மனம் இரு தவறுக்கும் துணைபோகக்கூடும்.

எமது வீடுகளிலும் இது பொருந்தும். உம்மம்மா யார் வீட்டில் இருப்பது என்று மக்கள் கூடிப் பேசி முடிக்கிறோம், உம்மம்மாவிடம் கேட்பதில்லை. மகளின் பாடத்தெரிவையும் எதிர்காலத்தையும் அவளது நன்மைக்காகவே தீர்மானிக்கிறோம். அவள் அடுத்த அறையில்தான் இருப்பாள். பாசம் குறைவதால் இப்படி நடப்பதில்லை. பாசம் இருக்கும்போது கேட்கத் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

பட்டம் பெற்ற பின்

பட்டம் கிடைத்ததும் பதிவு. வேலையில் சேர்ந்த முதல் வருடம், குறைந்த எண்ணிக்கையான வழக்குகளுடனும் கூடுதல் மேற்பார்வையுடனும் நடத்தப்படும் ஆதரவு வருடமாகப் பெரும்பாலான அலுவலகங்களில் அமைகிறது. பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து கற்றுவருவதைக் காட்ட வேண்டும். பெரும் தவறு செய்தால் விசாரணைக்குப் பின் பதிவு நீக்கப்படலாம்.

“தெரியாத வீடுகளுக்குப் பெண்பிள்ளை தனியாகப் போவதா?” என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. எந்த முகவரிக்கு எத்தனை மணிக்குச் செல்கிறேன் என்பதை அலுவலகத்தில் பதிந்துவிட்டே செல்கிறேன். முடிந்ததும் அழைப்பெடுக்கிறேன். ஆபத்துக்கு இடமுள்ள வீடாயின் இருவராகச் செல்கிறோம். ஆயினும் இது களைப்பூட்டும் தொழில் என்பதை மறைக்கக்கூடாது. அறிக்கைகள் எழுதும் நேரம் மனிதர்களுடன் இருக்கும் நேரத்தை விழுங்கும் நாட்கள் உண்டு. கேட்ட கதையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் மாலைகளும் உண்டு.

இலங்கையில் படிக்கலாமா?

படிக்கலாம். இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் அறவிடப்படும் கட்டணம் மிக அதிகம் என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். நான் முன்னர் குறிப்பிட்ட, 1952 இல் தொடங்கிய நிறுவகமே இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிறுவகம், சமூகப் பணியில் டிப்ளோமா, நான்கு வருட இளமாணி, பின்னர் முதுமாணி என்ற படிகளைக் கொண்டுள்ளது. சேர்க்கை நிபந்தனைகளையும் கற்பிக்கும் மொழியையும் விண்ணப்பம் கோரும் அறிவித்தலில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்ற பதவிகள் உள்ளன. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திலும், உளநலப் பிரிவுகளிலும், தொண்டு நிறுவனங்களிலும் இத்துறை சார்ந்த பணிகள் நடைபெறுகின்றன. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை ஒவ்வொரு மாணவியும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

எமது பெண்களுள் பலர் தம் வேதனையை ஓர் ஆணிடம், அதுவும் வேற்று மொழியில், சொல்ல மாட்டார்கள். காதி நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணுக்குக் கையிலுள்ள கடிதத்தை விளக்கிச் சொல்ல ஆள் தேவை. விசேட தேவையுள்ள பிள்ளையை வெளியே காட்டாமல் வளர்க்கும் உம்மாவுக்கு, அந்தப் பிள்ளைக்கும் உரிமைகள் உண்டு என்று எடுத்துச் சொல்ல ஆள் தேவை. அவர்களின் மொழியும், கூச்சமும், மௌனமும் விளங்கிய ஒருத்தி, கேட்டதைத் தெருவுக்குக் கொண்டுபோகமாட்டாள் என்ற நம்பிக்கையுடன் அங்கே அமர்ந்திருந்தால் எத்தனை கதவுகள் திறக்கும்!

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவிகள் இன்றே மூன்று விடயங்களைத் தொடங்கலாம். தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பேசுமளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஒரு முதியோர் இல்லத்திலோ விசேட கல்வி அலகிலோ சில வாரங்கள் உதவுங்கள். ஒருவர் பேசும்போது இடையில் புத்திமதி கூறாமல் இறுதிவரை கேட்டுப் பழகுங்கள். இம்மூன்றில் கடைசியானதே மிகக் கடினம் என்பதை முயன்று பார்த்ததும் அறிவீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் இத்துறையை விரும்புவதாகச் சொன்னால், “சேவையை வீட்டில் இருந்தும் செய்யலாம்தானே” என்று உடனே முடித்துவிடாதீர்கள். ஏன் விரும்புகிறாய் என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகலாம். அதுவரை காத்திருங்கள்.